வென்றிருக்க வேண்டிய ஆட்டம்: கைநழுவிய வாய்ப்பை ஆராய்வது எப்படி?

“வெல்லுற ஆட்டம் சேர், விட்டிட்டன்.” மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வலயமட்டச் சதுரங்கப் போட்டி நடக்கும் நாட்களில் மண்டபத்துக்கு வெளியே அடிக்கடி கேட்கும் சொல் இது. சொன்ன பிள்ளை அடுத்துச் செய்வது போனை எடுத்து எஞ்சினை, அதாவது நகர்வுகளை ஆராயும் சதுரங்கக் கணினி நிரலை, திறப்பது. அது ஒரு நகர்வின் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டு, சரியான நகர்வையும் காட்டிவிடும். பிள்ளை “ஓ!” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடும். அடுத்த போட்டியில் அதே வகையான வாய்ப்பு வரும், மீண்டும் தவறும்.

எந்த நகர்வு சரி என்பதை எஞ்சின் சொல்லும். அந்த நகர்வு உங்கள் கண்ணில் ஏன் படவில்லை என்பதை அதனால் சொல்ல முடியாது. கைநழுவிய வெற்றியை ஆராய்வதன் முழு வேலையும் இந்த இரண்டாவது கேள்விதான். ஆட்ட விதிகள் தெரிந்த, போட்டிகளில் ஆடத் தொடங்கிவிட்ட, ஆனால் தன் ஆட்டத்தைத் தானே ஆராய்ந்து பழகாதவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

கட்டங்களை இங்கே ஏ முதல் எச் வரையான எழுத்தும் 1 முதல் 8 வரையான எண்ணும் சேர்த்து எழுதியிருக்கிறோம். பலகையும் காய்களும் பக்கத்தில் இருக்கட்டும். நிலைகளை அடுக்கிப் பார்க்காமல் வாசித்தால் பயன் பாதிதான்.

ஆட்டம் நடக்கும்போதே செய்ய வேண்டியது

ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருளை ஆட்டத்தின்போதே சேர்க்க வேண்டும். நகர்வுத்தாளில் நகர்வுகளோடு மணிக்கூட்டில் மீதமுள்ள நேரத்தையும் எழுதலாம். சர்வதேச சதுரங்கச் சம்மேளனத்தின் விதி அதற்கு இடம் தருகிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் தேவையில்லை, ஐந்து நகர்வுக்கு ஒரு முறை போதும். நீண்ட நேரம் யோசித்த நகர்வு என்றால் கட்டாயம் எழுதுங்கள். பிறகு தாளைப் பார்க்கும்போது எங்கே 12 நிமிடம் செலவானது, எங்கே 20 வினாடியில் கை ஓடியது என்று அந்த எண்கள்தான் சொல்லும். நகர்வு, நேரம், சமநிலைக் கோரிக்கை, நடுவரிடம் சொல்லும் முறைப்பாடு போன்றவை தவிர வேறு குறிப்புகள் எழுதக்கூடாது. “கவனம்” என்று நினைவூட்டல் எழுதினாலும் நடுவர் கேள்வி கேட்கலாம்.

நகர்வுத்தாள் போட்டி ஏற்பாட்டாளருக்குச் சொந்தமானது. கார்பன் பிரதி எடுக்கும் தாள் என்றால் அந்தப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒப்படைக்கும் முன் நகர்வுகளைக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி மேலதிகமாகச் சேர்க்கப்படாத ஆட்டத்தில், ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக நேரம் இருக்கும்போது எழுதுவது கட்டாயமில்லை. வெற்றி தவறுவதும் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான். ஆகவே எழுதாமல் விட்ட நகர்வுகளை அன்றே, எதிராளி பக்கத்தில் இருக்கும்போதே, இருவருமாகச் சேர்ந்து நிரப்ப வேண்டும். மறுநாள் நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள். 38ஆவதும் 39ஆவதும் இடம் மாறிவிட்டால் மொத்த ஆராய்ச்சியும் பிழைத்துவிடும்.

எதிராளியோடு பேசும் அந்தப் பத்து நிமிடம் மிகப் பெறுமதியானது. மண்டபத்துக்கு வெளியே, மற்றவர்களின் ஆட்டத்தைக் குழப்பாத இடத்தில் இருந்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, இந்த இடத்தில நீங்க எதைப் பார்த்துப் பயந்தீங்க?” அவர் பயந்த நகர்வு உங்கள் நினைவுக்கே வராத ஒன்றாக இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிராளியின் கண்ணால் பலகையைப் பார்க்க நீங்கள் பழக வேண்டும் என்பதற்கு அது நேரடிச் சான்று.

எஞ்சினுக்கு முன் கொப்பி

வீட்டுக்கு வந்ததும் எஞ்சினைத் திறக்க வேண்டாம். திருகோணமலையில் மாகாணமட்டப் போட்டி முடித்துப் பஸ்ஸில் திரும்பும் நேரமே இதற்குப் போதும். 80 பக்கக் கொப்பி ஒன்றில், வெற்றி தவறியதாக நீங்கள் நினைக்கும் இடத்துக்கு ஐந்தாறு நகர்வு முன்னிருந்து, ஒவ்வொரு நகர்விலும் அந்த நேரம் என்ன நினைத்தீர்கள் என்பதை அப்படியே எழுதுங்கள். எந்த நகர்வுகளைப் பார்த்தேன், எதை ஏன் கைவிட்டேன், நிலை எனக்கு நல்லது என்று நினைத்தேனா, இல்லையா. “ஒன்றும் நினைக்கவில்லை, முன்பே முடிவெடுத்ததை ஆடினேன்” என்றால் அதையும் எழுதுங்கள். அதைவிடப் பயனுள்ள வரி வேறில்லை. எஞ்சினைப் பார்த்த பிறகு இந்த நினைவுகள் மாறிவிடும். சரியான நகர்வு தெரிந்தபின் “அதை நானும் பார்த்தேன்தானே” என்று மனம் நேர்மையாகவே நம்பத் தொடங்கும்.

அடுத்து, சந்தேகத்துக்குரிய நிலையைப் பலகையில் அடுக்கி, ஆடிய நகர்வை மறந்துவிட்டு, 15 நிமிடம் புதிதாகத் தேடுங்கள். காயை அசைக்காமல் தேட வேண்டும். போட்டியிலும் காயை அசைத்துப் பார்க்க முடியாதுதானே. இந்த 15 நிமிடத்தில் வெற்றி நகர்வைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் குறை திறமையில் இல்லை, போட்டி நேரத்துப் பழக்கத்தில் இருக்கிறது. கண்டுபிடிக்காவிட்டால் அந்த வகை நிலைகளைப் படிக்க வேண்டும் என்று பொருள். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு எல்லோருக்கும் புதிர்ப் பயிற்சியைக் கொடுத்துவிடுகிறார்கள். அது பாதிப் பேருக்கு உதவாது.

உலகப் போட்டியிலிருந்து ஓர் ஆட்டம்

முறையைக் கற்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. 2014 நவம்பர், ரஷ்யாவின் சோச்சி. உலகப் பட்டத் தொடரில் அப்போதைய உலகச் சாம்பியன் மக்னஸ் கார்ல்சனும் விஸ்வநாதன் ஆனந்தும் 2.5 - 2.5 என்று சமமாக இருந்தார்கள். ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் வெள்ளை. 26ஆவது நகர்வில் அவர் அரசனை சி1 இலிருந்து டி2 க்கு நகர்த்தினார். நிலையை அடுக்குங்கள்.

வெள்ளை: அரசன் டி2, கோட்டைகள் ஜி4, எச்5, மந்திரிகள் (பிஷப்) சி2, ஈ3, சிப்பாய்கள் ஏ2, சி3, சி4, ஈ5, எஃப்2, ஜி2.

கறுப்பு: அரசன் பி7, கோட்டைகள் ஜி8, எச்8, மந்திரி சி6, குதிரை ஜி6, சிப்பாய்கள் ஏ5, பி6, சி5, ஈ6, எஃப்7, எச்6.

கறுப்பு நகர்த்த வேண்டும். கீழே வாசிக்கும் முன் நேரம் வைத்துத் தேடிப் பாருங்கள்.

ஆனந்த் ஏ5 சிப்பாயை ஏ4 க்குத் தள்ளினார். ஆட வேண்டியது, குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டுவது. குதிரை ஜி6 ஐ விட்டு விலகியதும் ஜி வரிசை திறக்கிறது. ஜி4 கோட்டையை ஜி8 கோட்டையும் தாக்குகிறது, ஈ5 இல் நிற்கும் குதிரையும் தாக்குகிறது.

வெள்ளை என்ன செய்யலாம்? முதலாவது, ஜி4 கோட்டையால் ஜி8 கோட்டையை வெட்டலாம். இதற்குக் கறுப்பு உடனே திருப்பி வெட்டினால் பிழை. எச்5 கோட்டை ஈ5 குதிரையை எடுத்துவிடும். அதனால் முதலில் குதிரை சி4 சிப்பாயை வெட்டி டி2 அரசனுக்குச் செக் சொல்கிறது. அரசன் டி3 க்கு வந்து குதிரையைத் தாக்கினால் குதிரை பி2 க்குப் போய் மறுபடி செக். அரசன் விலகியதும் ஜி8 இல் கோட்டையை வெட்டலாம். கணக்குப் பாருங்கள்: கோட்டைக்குக் கோட்டை, மேலதிகமாக இரண்டு சிப்பாய், அத்தோடு ஜி2 சிப்பாயும் தாக்குதலில். இரண்டாவது, எச்5 கோட்டையால் ஈ5 குதிரையை வெட்டலாம்; கறுப்புக் கோட்டை ஜி4 ஐ வெட்டும், ஒரு குதிரைக்குக் கோட்டையும் சிப்பாயும் கிடைக்கும். மூன்றாவது, ஜி4 கோட்டை ஜி3 க்கு ஒதுங்கலாம். அப்போதும் குதிரை சி4 ஐச் செக்கோடு வெட்டி இரண்டாவது சிப்பாயைப் பெறும், ஈ3 மந்திரியையும் தாக்கும்.

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம். இந்த வாய்ப்பு ஒரு நகர்வுக்கு முன் இருந்ததா? அரசனை மீண்டும் சி1 இல் வைத்துப் பாருங்கள். குதிரை ஈ5 ஐ வெட்டும், வெள்ளை ஜி8 ஐ வெட்டும், குதிரை சி4 ஐ வெட்டும், ஆனால் செக் இல்லை. வெள்ளை எச்8 இல் இருக்கும் மற்றக் கோட்டையையும் எடுத்துவிடும். ஆக, முழுத் தந்திரமும் அரசன் டி2 இல் நிற்பதில் மட்டும் தங்கியிருக்கிறது. 27ஆவது நகர்வில் கார்ல்சன் அரசனை ஈ2 க்கு எடுத்ததும் வாய்ப்பு மறைந்துவிட்டது. ஒரே ஒரு நகர்வின் ஆயுள்தான் அதற்கு. ஆட்டத்தில் கார்ல்சன் 38ஆவது நகர்வில் வென்றார். தொடரையும் 6.5 - 4.5 என்று வென்றார்.

ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஆனந்துக்கு இந்தத் தந்திரம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. புதிர்ப் புத்தகத்தில் கொடுத்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். நகர்வுகளைப் பார்த்தால் காரணம் ஊகிக்கக்கூடியது: 23ஆவது நகர்வில் ஏ5, 26ஆவதில் ஏ4, 27ஆவதில் ஏ3. சிப்பாயை முன்னேற்றும் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது, எதிராளி அரசனை மெதுவாக நடத்திக்கொண்டிருந்தார். அமைதியான நிலையில் எதிராளியின் அமைதியான நகர்வைச் சோதிக்காமல் விடுவது எந்தத் தரத்திலும் நடக்கும்.

இங்கிருந்து எடுக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதிராளியின் கடைசி நகர்வால் எந்தக் காய் புதிதாக எங்கே நிற்கிறது, எது காவல் இழந்தது, எந்தச் செக் இப்போது புதிதாகக் கிடைக்கிறது? உங்கள் ஆட்டத்தில் வாய்ப்புத் தவறிய நிலையை எடுத்து, எதிராளியின் காயை ஒரு நகர்வு பின்னுக்கு வைத்து, வெற்றி நகர்வு அப்போதும் வேலை செய்ததா என்று பாருங்கள். வேலை செய்யவில்லை என்றால் உங்களுக்கும் இதே நோய்தான்.

நேர்மாறான உதாரணம் 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத் தொடரில் 6.5 - 6.5 என்றிருந்தபோது, கடைசி ஆட்டத்தில் அப்போதைய உலகச் சாம்பியன், சீனாவின் டிங் லிரென் 55ஆவது நகர்வாகக் கோட்டையை எஃப்2 க்குக் கொண்டுவந்தார். பார்வைக்கு அதுவும் அமைதியான நகர்வு. ஆனால் அவருடைய மந்திரி ஏ8 மூலையில் இருந்தது. கோட்டைகளை மாற்றிவிட்டுத் தன் மந்திரியை டி5 இல் வைத்தால் மந்திரி மாற்றத்தையும் தவிர்க்க முடியாது, மிஞ்சும் சிப்பாய் முடிவாட்டம் தனக்கு வெற்றி என்பதை எதிரே ஆடிய இந்தியாவின் குகேஷ் கண்டார். 18 வயதில் உலகச் சாம்பியனானார். இந்த இரண்டு நிலைகளையும் அடுத்தடுத்து அடுக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டினால் பாடம் தானாகப் பதியும்.

எதிர்ப்பைச் சோதிக்காமல் விடாதீர்கள்

“இது வெல்லுற நகர்வு” என்று தீர்மானித்ததும் பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள். மேலே செய்ததுபோல் எதிராளியின் ஒவ்வொரு பதிலையும் தனித்தனியே முடிவுவரை கொண்டுபோக வேண்டும். ஒரு பதிலுக்கு ஒரு வரி எழுதி, வரியின் கடைசியில் காய்க்கணக்கு எழுதுங்கள். வழக்கமாக மூன்று பதில்கள் போதும்: வெட்டக்கூடியது, செக் தரக்கூடியது, தாக்கப்பட்ட காயை ஒதுக்கக்கூடியது. இடையில் வரும் செக்கைப் பார்க்காமல் “திருப்பி வெட்டுவான்” என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஆனந்தின் நிலையிலும் வெற்றி அந்த இடைச் செக்கில்தான் ஒளிந்திருக்கிறது.

இப்போது எஞ்சின்

ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் இலவசம். லிசெஸ் செயலியிலோ தளத்திலோ அதைக்கொண்டு ஆராயலாம். நிலையை ஏற்றி, மூன்று வரிகள் காட்டும்படி அமைத்து, ஆழம் (எஞ்சின் எவ்வளவு தூரம் முன்னோக்கிப் பார்க்கிறது என்பதைக் காட்டும் எண்) 25ஐத் தாண்டும்வரை விடுங்கள். போன் சூடாகும், சார்ஜில் போட்டபடி ஓடவிடாதீர்கள். முதல் இரண்டு வினாடியில் வரும் எண்ணை நம்பி முடிவெடுப்பது, குறிப்பாக முடிவாட்டங்களில், உங்களை ஏமாற்றும். பலகையில் அரசர்களையும் சேர்த்து ஏழு காய் அல்லது அதற்குக் குறைவு என்றால் லிசெஸ் முடிவாட்ட அட்டவணையைக் காட்டும். அதில் வரும் வெற்றியும் சமநிலையும் மதிப்பீடு அல்ல, உறுதியான விடை.

எண்ணை எப்படி வாசிப்பது? 1.00 என்றால் ஏறத்தாழ ஒரு சிப்பாய் அளவு மேல்நிலை. சிறந்த நகர்வுக்கு 3க்கு மேலும், நீங்கள் ஆடியதற்கு 1க்குக் கீழும் காட்டினால் அது கைநழுவிய வெற்றி. 1.4 இலிருந்து 0.8 க்கு இறங்கியதை அப்படிச் சொல்லக் கூடாது. 9 இலிருந்து 5 க்கு இறங்கினால் கேள்விக்குறி வரும், ஆனால் நீங்கள் இன்னும் வென்றுகொண்டுதான் இருக்கிறீர்கள். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

எஞ்சின் சொல்லும் எல்லா வெற்றியும் மனிதருக்குரிய வெற்றியும் அல்ல. 2018 இல் இலண்டனில் கார்ல்சனுக்கு எதிரான உலகப் பட்டத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஃபாபியானோ கருவானா 68ஆவது நகர்வில் மந்திரியை எச்4 க்கு எடுத்திருந்தால் வென்றிருக்கலாம் என்று பெருங்கணினி காட்டியது. ஆனால் அந்த வழி, சில நகர்வில் தன் குதிரையைத் தானே ஜி1 மூலைப்பக்கம் கொண்டுபோய் அடைக்கும் ஒரு நகர்வைக் கேட்கிறது. எந்த மனிதரும் அதை ஆடுவது கடினம். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இப்படிப்பட்டதை உங்கள் ஆட்டத்தில் கண்டால் இரசித்துவிட்டு விட்டுவிடுங்கள். சோதனை எளிது: வெற்றி நகர்வின் காரணத்தை நீங்கள் இரண்டு வசனத்தில் தமிழில் சொல்ல முடிந்தால் அது உங்களுக்குரியது.

புரியவில்லை என்றால் எஞ்சினோடு வாதாடுங்கள். “நான் நினைத்த நகர்வு ஏன் கூடாது?” என்று அதை ஆடி, வரும் பதிலைப் பாருங்கள். பின் வெற்றி நிலையிலிருந்து எஞ்சினுக்கு எதிராக ஆடி வென்று காட்டுங்கள். மூன்று முறை முயன்றும் வெல்ல முடியாவிட்டால் தவறியது அந்த ஒற்றை நகர்வு மட்டுமல்ல, முடித்து வைக்கும் நுட்பமும் கையில் இல்லை.

தவறு முன்னாலேயே நடந்திருக்கலாம்

நம் பகுதிப் பள்ளி ஆட்டங்களில் அதிகம் தவறுவது சிப்பாய் முடிவாட்டங்கள். வெள்ளை அரசன் ஈ4, சிப்பாய் ஈ2, கறுப்பு அரசன் ஈ6, வெள்ளை நகர்த்த வேண்டும். சிப்பாயை ஈ3 க்கு எடுத்தால் வெற்றி: நகர்வு கறுப்புக்குப் போகிறது, அதன் அரசன் வழிவிட்டாக வேண்டும். அரசன் டி6 க்குப் போனால் வெள்ளை அரசன் எஃப்5 க்கு ஏறும். அதே நிலையில் சிப்பாய் ஏற்கெனவே ஈ3 இல் இருந்தால் சமநிலை, ஏனெனில் செலவழிக்க ஒரு நகர்வு மிச்சமில்லை. ஈ6 இல் அரசன் வந்து நின்ற பிறகுதான் பிள்ளை திணறத் தொடங்கும். வெற்றி போனதோ சில நகர்வுகளுக்கு முன், “சிப்பாயைத் தள்ளிவைப்போம்” என்று யோசிக்காமல் ஈ2 ஐ அசைத்தபோது. ஆகவே திணறிய இடத்தோடு நிற்காமல், நிலை வெற்றியிலிருந்து சமநிலைக்கு மாறிய நகர்வு வரை பின்னோக்கிப் போக வேண்டும்.

காரணத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்

கொப்பியில் எழுதிய நினைவுகள், மணிக்கூட்டு நேரம், எஞ்சினின் விடை ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். நகர்வே நினைவுக்கு வரவில்லை. வந்தது, ஆனால் கணக்குப் பிழைத்தது. கணக்குச் சரி, ஆனால் துணியவில்லை. ஓடிக்கொண்டிருந்த திட்டத்தில் எதிராளியின் நகர்வைப் பார்க்கவில்லை. நேரம் இல்லை. முடிவாட்ட அறிவு இல்லை. “கவனக்குறைவு” என்று எழுத அனுமதிக்காதீர்கள், அது எதையும் திருத்தாது. “நேரம் இல்லை” என்று எழுதும் முன் தாளைப் பாருங்கள். பல தடவை, தொடக்கத்தில் மனப்பாடமான நகர்வுக்கு எட்டு நிமிடம் போயிருக்கும்.

துணியாமை தனி விடயம். மேல்நிலையில் இருக்கும்போது “பாதுகாப்பாக ஆடுவோம்” என்று காய்களைப் பின்னுக்கு இழுக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்குப் புதிர் கொடுத்துப் பயனில்லை. வென்ற நிலைகளிலிருந்து பயிற்சியாளரோடு ஆடி முடிக்கும் பழக்கம் வேண்டும்.

பிறகு ஒரு சிறிய அட்டை: முன்பக்கம் நிலை, பின்பக்கம் நகர்வு, எதிர்ப்புகள், காரணத்தின் பெயர். ஒரு கிழமை கழித்தும், ஒரு மாதம் கழித்தும் எடுத்துத் தீர்த்துப் பாருங்கள். பத்து அட்டை சேர்ந்ததும் காரணங்களை எண்ணுங்கள். ஆறு அட்டையில் ஒரே பெயர் இருந்தால் அடுத்த மூன்று மாதப் பயிற்சி அதற்குத்தான். பள்ளிக் குழுவில் ஐந்தாறு பேர் இருந்தால் அட்டைகளை மாற்றிக்கொள்ளுங்கள். அக்கரைப்பற்றில் ஒருவர் தவறவிட்ட நிலை களுவாஞ்சிக்குடியில் இன்னொருவருக்கு நல்ல பயிற்சி.

இவை எல்லாம் போட்டி முடிந்த பிறகுதான். ஒரே நாளில் பல சுற்றுகள் இருக்கும்போது இடைவேளையில் இந்த வேலையைத் தொடங்கினால் அடுத்த ஆட்டமும் கெடும். கொப்பியில் நகர்வு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள். போன் ஆசிரியரிடமே இருக்கட்டும். அடுத்த சுற்றில் அது சட்டைப்பையில் இருந்தால் ஆட்டமே பறிபோகும்.